நூற்றுக்கு நூறு வாங்கிய சிறுநீரகம்

ஒளிக்குன்றம் உயராய்வு நிலையத்தில் நிரந்தர வேலை ஒன்று காலியாக இருந்தது. அதற்குத் தகுதியானவர்கள் இரண்டு பேர். ஒருவன் தமிழரசு, இன்னொருத்தி ரெனிதா. ரெனிதா என்று ஒருத்தி பிறக்காமலே இருந்திருந்தால் கணக்கு எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும் என்று, தினமும் காலை திருநின்றவூரில் மின்சார ரயில் ஏறும்போது தமிழரசு நினைப்பான். அப்படி நினைத்துவிட்டோமே என்று உடனே வருத்தப்படுவான். அடுத்த நிலையமே நெமிலிச்சேரி என்பதால் வருத்தத்துக்கு அதிக நேரம் கிடைக்காது. இறங்கிவிடுவான்.

இருவரும் தற்காலிகத் திட்ட உதவியாளர்கள். ஒரே நாளில் சேர்ந்தவர்கள். தமிழரசு வேலை முடிந்ததும் அம்பத்தூருக்குப் போய் மாலை வகுப்பில் மேற்படிப்புப் படித்தான். ரெனிதா பட்டாபிராமில் அப்பா அம்மாவோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடினாள். குழுவில் அவளுக்குத் தனியாக ஒரு பாட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, பாடவே தெரியாத தமிழரசுவுக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை. அடுத்தவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் தன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது வழியில் திருப்பிவிடப்பட்டது என்று அவனுக்குத் தோன்றும், அவ்வளவுதான்.

ஒளிக்குன்றத்துக்குப் பெயரில்தான் குன்றம். தாளாளர் திருவேங்கடம் ஐயா மனை விற்று முன்னுக்கு வந்தவர். எல்லா மனையும் விற்றுப்போய், யாரும் வாங்காத பள்ளம் ஒன்று மிச்சமானபோது, அறிவியலுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. மழைக்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஆராய்ச்சிக்குப் போவார்கள்.

அந்தப் பள்ளத்தின் முதல் மாடியில், மேற்குப் பார்த்த ஜன்னலோரத்தில்தான் அந்தப் பட்டை உருவாயிற்று. விரல் அகலக் கண்ணாடித் துண்டு, அதன் மேல் மாவு பூசியது போல ஒரு பூச்சு. வெளிச்சம் பட்டால் அந்தப் பூச்சு தானாகவே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கும். அதன்மேல் ஒரு சொட்டு சிறுநீர் விட வேண்டும். சிறுநீரகம் கெடத் தொடங்கினால் ஒரு புரதம் கசியும். அந்தப் புரதம் சொட்டில் இருந்தால் பூச்சின் மேல் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை அடைக்கும். எவ்வளவு அடைப்போ அவ்வளவு நோய். அடைப்பே இல்லை என்றால் பக்கத்தில் உள்ள சின்னத் திரையில் சைபர், முழுவதும் அடைத்தால் நூறு. திரைகூட அதே மின்சாரத்தில்தான் எரியும். பாட்டரி கிடையாது, பிளக் கிடையாது. ஜன்னலோரம் வைத்தால் போதும்.

பூச்சு தமிழரசுவின் வேலை. புரதத்தைப் பிடித்துவைக்கும் மேலடுக்கு ரெனிதாவின் வேலை. ஒன்றில்லாமல் இன்னொன்று இல்லை. ஆனால் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "அட, பிடிக்குதே!" என்றுதான் வியந்தார்கள். "அட, பூசியிருக்கே!" என்று ஒருவர்கூட வியக்கவில்லை.

பட்டை வேலை செய்கிறது என்ற செய்தி பரவியதும் நிலையத்தில் துக்கம் பரவியது. முதலில் வந்தவர் மின்துறைத் தலைவர்.

"கரன்ட் இல்லாம ஒரு மெஷின் ஓடுதுன்னா என்ன அர்த்தம்? எங்க துறை வேணாம்னு அர்த்தம்," என்றார். "நான் இங்க இருக்கிற வரைக்கும் இந்த வளாகத்துல எதுவும் தானா ஓடக் கூடாது."

அவர் திரையைக் கழற்றி, பெரிய திரை மாட்டி, அதற்குச் சுவரிலிருந்து மின்சாரம் கொடுத்தார். மின்சாரம் நின்றுபோனால் என்ன செய்வது என்று ஒரு யுபிஎஸ் வைத்தார். இயந்திரவியல் துறைக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் சக்கரம் வைத்த இரும்பு வண்டி செய்து அதன் மேல் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். கட்டுமானத் துறை, வண்டி நகர்ந்துவிடாமல் இருக்க, சக்கரங்களைச் சேர்த்து கிரானைட் மேடை கட்டியது. கணினித் துறை கடவுச்சொல் வைத்தது. பிறகு அது அவர்களுக்கே மறந்துபோய், எந்தச் சொல்லைப் போட்டாலும் திறக்கும்படி மாற்றிக் கொடுத்தது. விரல் அகலப் பட்டை இப்போது பீரோ அளவுக்கு வளர்ந்திருந்தது. பட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒருவர் வழிகாட்ட வேண்டும்.

"பாவம் அது, தமிழ். பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியலை," என்றாள் ரெனிதா தமிழரசுவிடம். சோதனைக்காக முதலில் செய்த இன்னொரு பட்டையையும், மின்துறை கழற்றிப் போட்ட குட்டித் திரையையும் அவள் தன் மேசை இழுப்பறையில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதை எடுத்து வைக்கத் தனக்குத் தோன்றவில்லையே என்று தமிழரசு சாயங்காலம் வரை யோசித்தான்.

இயக்குநர் டாக்டர் நாகேந்திரன் இருவரையும் அழைத்தார். "திறப்பு விழா வைக்கிறோம். அது முடிஞ்சதும் நிரந்தர வேலை யாருக்குன்னு ஐயா முடிவு பண்ணுவார். எல்லார் முன்னாலயும் செய்து காட்டறது ரெனிதா. சிரிச்ச முகம், பேச்சும் நல்லா வருது."

"நான் சார்?" என்றான் தமிழரசு.

"நீ பின்னாடி நின்னு பாட்டில் எடுத்துக் குடு. அதுவும் முக்கியம்தான். பாட்டில் மாறிட்டா நோய் மாறிடும்."

விழாவின் நோக்கம் எல்லோருக்கும் தெரியும். குமணன்சாவடியில் பஞ்சவர்ணம் அம்மையார் ஒரு கல்லூரி நடத்தினார். அதில் நீச்சல் குளம் இருந்தது. திருவேங்கடம் ஐயாவின் கல்விப் பணி அனைத்துமே அந்த நீச்சல் குளத்துக்குப் பதில் சொல்லும் முயற்சிதான். அம்மையாரைச் சிறப்பு விருந்தினராக அழைத்து, முன்வரிசையில் உட்காரவைத்து, வயிறெரியச் செய்வது என்று ஆட்சிக்குழு ஒருமனதாக முடிவு செய்திருந்தது.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் பேனர் வந்தது. கட்டிடத்தின் உச்சியிலிருந்து தரைவரை தொங்கும் ஒரே பேனர். அதில் திருவேங்கடம் ஐயா கூப்பிய கையோடு சிரித்தார். "வெளிச்சத்தின் வேந்தே வருக" என்று கீழே எழுதியிருந்தது. ஐயாவின் வலது கன்னம் முதல் மாடியின் மேற்கு ஜன்னல்கள் அத்தனையையும் மூடிக்கொண்டது.

தமிழரசு அப்போது ஆய்வகத்தில் தனியாகப் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெருக்க வந்த முனியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா தம்பி இது, பட்டப்பகல்ல கண்ணே தெர்ல? ஐயா மூஞ்சி வந்து ஜன்னல்ல குந்திகினு கீது!"

"விழா முடிஞ்சா எடுத்துருவாங்கக்கா."

"எங்க எட்க்கறது? போன வருசம் கட்னது இன்னும் மாடில சுத்தி வெச்சிகினு கீறாங்க. மழைக்கு அத்தத்தான் நாங்க தலைல போட்டுகினு போறது." டியூப்லைட்டைப் போட்டுவிட்டுப் பெருக்க ஆரம்பித்தார்.

தமிழரசு கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தான். வெளிச்சம் இல்லை என்றால் பூச்சில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லை என்றால் கருவிக்கு அது அடைப்பு. அடைப்பு என்றால் நோய். பழைய திரையாக இருந்தால் தானும் அணைந்துபோய் மானத்தைக் காப்பாற்றியிருக்கும். சுவரிலிருந்து மின்சாரம் குடிக்கும் இந்தப் புதுத் திரையோ, நாளைக்கு யார் வந்தாலும் உனக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்று பளிச்சென்று சொல்லும்.

ரெனிதாவிடம் சொல்லிவிடுவதுதான் சரி. அவன் கலையரங்கத்துக்குப் போனான். அங்கே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மேலாண்மைத் துறைப் பேராசிரியர் திருவேங்கடம் ஐயாவாக நடித்து, ஒரு துண்டை ரெனிதாவுக்குப் பொன்னாடையாகப் போர்த்தினார். அவள் கூச்சத்தோடு சிரித்தாள். பத்துப் பதினைந்து பேர் கைதட்டிப் பழகினார்கள். "இன்னும் கொஞ்சம் குனிஞ்சு வாங்கும்மா, போட்டோல ஐயா உயரமாத் தெரியணும்," என்றார் இயக்குநர். திரும்பியவர் தமிழரசுவைப் பார்த்துவிட்டார். "பாட்டில் ஆளுக்கு இங்க ஒத்திகை கிடையாதுப்பா. போய் லேப்ல இரு."

தமிழரசு திரும்பி வந்து லேபில் இருந்தான். பேனர் காற்றில் அசைந்தது. ஐயாவின் கன்னம் உள்ளே வந்து வெளியே போயிற்று. அவளாகவே வந்து பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும், செய்து காட்டப்போகிறவள் அவள்தானே என்று அவன் தனக்குத் தானே எடுத்துச் சொன்னான். ஒத்திகை முடிய நேரமாகி, அவள் வரவே இல்லை. அவன் மாலை வகுப்புக்குப் போய்விட்டான். வகுப்பில் ஒரு வார்த்தையும் மனதில் ஏறவில்லை.

மறுநாள் ஆய்வகத்துக்குள் நூறு பேர் இருந்தார்கள். முன்வரிசையில் பஞ்சவர்ணம் அம்மையார் தன் பரிவாரத்தோடு உட்கார்ந்திருந்தார். திருவேங்கடம் ஐயா பேசினார்.

"நான் படிக்காதவன். மறைக்கிறதே இல்ல. படிச்சவங்களைப் படிக்க விட்டு, அப்புறம் வேலைக்கு வெச்சுக்கிறவன். இந்த மெஷினைக் கண்டுபிடிச்சது யாருன்னு என்கிட்ட கேட்டாங்க. நிலம் யாருது? என்னுது. கட்டிடம்? என்னுது. அப்ப அதுக்குள்ள யார் மூளை வேலை செஞ்சாலும் அது வாடகைக்கு இருக்கிற மூளைதானே?"

கூட்டம் கைதட்டியது. வாடகை மூளைகளும் தட்டின.

ரெனிதா உள்ளே வந்த நொடியிலேயே இருட்டைக் கவனித்துவிட்டாள். ஜன்னலைப் பார்த்தாள், இயக்குநரைப் பார்த்தாள், கடைசியில் தமிழரசுவைப் பார்த்தாள். அவன் பாட்டில் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் இயக்குநர், "ம், ஐயாவோடது," என்றார். தமிழரசு பாட்டிலைக் கொடுத்தான். ரெனிதா ஒரு சொட்டு விட்டாள். பார்ப்பதற்காக எல்லோரும் குனிந்து பட்டையைச் சூழ்ந்துகொண்டார்கள். திரையில் 94 எரிந்தது.

ரெனிதாவின் முகம் வெளுத்தது. "ஐயா, இது வந்து..."

"எவ்வளவுக்கு?" என்றார் ஐயா.

"நூறுக்கு, ஐயா. ஆனா..."

ஆனாவை யாரும் கேட்கவில்லை. "நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு!" என்று இயக்குநர் கத்தினார். கட்டிடமே கைதட்டியது. புகைப்படக்காரர் பளிச்சென்று ஒரு ஃபிளாஷ் அடித்தார். எண் சட்டென்று 60க்கு இறங்கிப் பிறகு ஏறியது. "யோவ், யார்யா அது? ஐயா மார்க்கைக் குறைக்கிறது!" என்று நான்கு பேர் பாய்ந்து கேமராவைப் பிடுங்கினார்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் ஃபிளாஷ் தடை செய்யப்பட்டது.

ஐயாவின் கண் கலங்கியிருந்தது. "பள்ளிக்கூடத்துல ஒரு பரீட்சையிலயும் நான் நாற்பதைத் தாண்டினது கிடையாது," என்றார் மைக்கில். "எங்க வாத்தியார் இன்னிக்கு உயிரோட இல்ல. இருந்திருந்தா கூட்டிகினு வந்து இந்த மெஷின் முன்னாடி நிக்க வெச்சிருப்பேன்."

பஞ்சவர்ணம் அம்மையாரால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. "எனக்கும் பாருங்க," என்று எழுந்தார். அவருடைய பரிவாரம் ஐயாவின் பரிவாரத்தைவிடப் பெரியது, உடல்வாகும் அப்படி. அத்தனை பேரும் சேர்ந்து குனிந்தபோது டியூப்லைட் வெளிச்சமும் மறைந்தது. 97.

கைதட்டல் பாதியில் நின்றது. ஐயா வெற்றுச் சிரிப்புச் சிரித்தார். "டேய், எல்லாரும் கிட்ட வாங்கடா," என்று தன் ஆட்களைக் கூப்பிட்டார். துணைக்கு யாராவது இருந்தால் தைரியம் என்றுதான் கூப்பிட்டார். ஐயாவின் சொட்டை மறுபடி விட்டு, அவர்கள் தோளோடு தோள் சேர்ந்து கவிழ்ந்ததும் 98 வந்தது.

அம்மையார் பொன்னாடையைக்கூட மடிக்காமல் கிளம்பினார். படி இறங்கும்போது அவர் சொன்னது மாடிவரை கேட்டது: "நான் வாங்குறேன் பாரு. நூத்தம்பது வரைக்கும் காட்டுற மெஷினா வாங்குறேன்."

கூட்டம் கலைந்ததும் ரெனிதா இயக்குநர் அறைக்குப் போனாள். தமிழரசு வெளியே நின்றான். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"சார், பேனர் வெளிச்சத்தை மறைக்குது. அந்த நம்பர் நோய் இல்ல, நிழல். அப்படியே அது சரியான நம்பரா இருந்தாலும் தொண்ணூத்தெட்டுன்னா ஐயா ஐசியூல இருக்கணும்."

"நீ சொல்றது தப்பா இருந்தா ஒரு குழு போட்டு விவாதிக்கலாம்மா," என்றார் நாகேந்திரன் பரிவோடு. "சரியா இருக்கே, அதுதான் சிக்கல். சரியானதை வெச்சுகிட்டு நான் என்ன பண்றது? உங்க மார்க் நிழல்னு ஐயாகிட்டப் போய் யார் சொல்றது? எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் உண்மை கொஞ்சம் பொறுத்துக்கட்டும்."

வெளியே வந்த ரெனிதா தமிழரசுவின் முன் நின்றாள்.

"நேத்து மத்தியானம் நீ இங்கதானே இருந்த? இருட்டா இருந்ததே, தோணலையா?"

"கவனிக்கலை," என்றான்.

அடுத்த வாரம் முதல் ஆய்வகத்தின் முன் வரிசை நின்றது. ஐயாவுக்கு அடுத்த இடம் யாருக்கு என்பதுதான் போட்டி. மின்துறைத் தலைவர் 90 வாங்கினார். இயந்திரவியல் தலைவர் 91. இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்தினார்கள். எண்பத்தைந்தில் நின்றுபோன கணிதப் பேராசிரியர் விடுப்பில் போனார். அவர் மனைவி தொலைபேசியில், "வீட்டுல ஒழுங்காத்தான் சார் போறாரு, அங்க வந்தாத்தான் பயப்படறாரு," என்று அழுதார். மேலாண்மைத் துறை ஓர் ஆலோசனை மையம் திறந்தது. முந்தின நாள் தண்ணீர் குடிக்கக் கூடாது, நண்பர்களைக் கூட்டிவந்து சுற்றி நிற்கவைத்தால் தன்னம்பிக்கை கூடும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். பலன் இருந்தது. நண்பர்கள் அதிகம் உள்ளவர்களுக்கு மதிப்பெண் கூடியது. யாரோடும் பழகாத ஒரு நூலகர் எழுபதில் கிடந்தார்.

முனியம்மாவும் கொடுத்துப் பார்த்தார். 86. "கணக்கு சாரு எம்பத்தஞ்சி, நானு எம்பத்தாறு! இன்னா தம்பி, என் பேரையும் போர்டுல எய்துவாங்களா?" துப்புரவுப் பணியாளர்களுக்குத் தரவரிசை கிடையாது என்று பதிலளிக்கப்பட்டது. "அப்ப என்னுத்த எட்த்து அந்த சாருக்கே குட்த்துடு. லீவுல போய்ட்டாராமே, பாவம்," என்றார்.

ரெனிதா மட்டும் கொடுக்கவில்லை. "தப்பான மெஷின்ல நான் மார்க் வாங்க மாட்டேன்," என்றாள். பெயர்ப் பட்டியலில் அவள் பெயருக்கு நேராக 'வரவில்லை' என்று குறித்து, வராதவர்களுக்கான விதிப்படி சைபர் போட்டார்கள்.

சிற்றுண்டிச் சாலையில் டீ போடும் ஜாக்சன் அண்ணன் தனியாக வந்து வாங்கியது 79. பட்டியலில் கடைசிக்கு நெருக்கம். கிண்டல் செய்தார்கள். அவர் கால் கொஞ்ச நாளாக வீங்கியிருந்ததை ரெனிதா பார்த்திருக்கிறாள். தன் இழுப்பறையிலிருந்த பழைய பட்டையை எடுத்துக்கொண்டு அவரை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனாள். நல்ல வெயில். வெயிலில் வந்த எண் 35. நல்ல சிறுநீரகத்துக்கு அது பத்தைத் தாண்டாது. அந்தக் கட்டிடத்தில் உண்மையாகவே நோய் இருந்த ஒரே ஆள் அவர்தான். அன்றே ரெனிதா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். நல்ல நேரத்தில் வந்தீர்கள், மருந்திலேயே நிறுத்திவிடலாம் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள்.

இதைக் கேட்டதும் தமிழரசு உண்மையாகவே சந்தோஷப்பட்டான். ஜாக்சன் அண்ணனின் டீயை அவன் தினமும் குடிப்பவன். சந்தோஷம் அடங்கியபின் இன்னொன்று கிளம்பியது. அந்தப் பட்டையில் பாதி என்னுடையது. அவர் காலை நானும்தான் தினமும் பார்த்தேன். கூட்டிப் போகத் தோன்றியது அவளுக்கு. இதுவும் அவளுக்கே போய்விட்டது.

அந்த வாரக் கடைசியில் அறிவிப்பு வந்தது. நிரந்தர வேலை, தகுதி அடிப்படையில் மட்டும், சிறுநீரகத் தரவரிசையில் முதலிடம் பெறுபவருக்கு வழங்கப்படும். பாரபட்சம் இருக்காது. ஐயா மட்டும் பெருந்தன்மையோடு போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

தமிழரசு இரண்டு நாள் யோசித்தான். இது நேர்மையா? இல்லை. நான் செய்யாவிட்டால் வேறு எவனாவது செய்வானா? செய்வான். ரெனிதா போட்டியில் இருக்கிறாளா? அவளாகவே விலகிவிட்டாள். அப்படியானால் நான் யாருக்குத் துரோகம் செய்கிறேன்? கேள்விகளை ஒவ்வொன்றாக, ஒழுங்காகக் கேட்டுக்கொண்டான். கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்திருந்தும் அதைத் தாண்டிப் போய்விட்டான்.

தேர்வுக் குழுவின் முன்னால் போய் நின்றான். "சார், எல்லாரும் பாக்கறது கூச்சமா இருக்கு. டியூப்லைட்டை மட்டும் நிறுத்தலாமா?"

அடக்கமான பையன் என்று குழு குறித்துக்கொண்டது. விளக்கை நிறுத்தினார்கள். இருட்டில் யுபிஎஸ் மட்டும் முனகியது. திரையில் நூறு எரிந்தது.

சென்டம்! ஒளிக்குன்றத்தின் வரலாற்றில் முதல் சென்டம். தமிழரசுவைத் தோளில் தூக்கினார்கள். ஜாங்கிரி கொடுத்தார்கள். திருவேங்கடம் ஐயா தானே வந்து பொன்னாடை போர்த்திவிட்டு, காதருகே, "ரெண்டு மார்க் விட்டுக் குடுத்திருக்கலாம்ல?" என்றார். அன்று மாலை அவன் வகுப்புக்குப் போகவில்லை. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரில் இருந்தவர்களையெல்லாம் அன்போடு பார்த்துக்கொண்டே வந்தான். யார் மேலும் பொறாமை இல்லாத ஒரு சாயங்காலம் அவனுக்கு அமைந்தது அன்றுதான்.

மறுநாள் பதிவாளர் அழைத்தார்.

"வாழ்த்துகள் தம்பி. நியமன உத்தரவு ரெடி. உடற்தகுதி மட்டும் பாக்கணும். சம்பிரதாயம்தான்."

"கவர்ன்மென்ட் டாக்டர்கிட்ட வாங்கிட்டு வந்துடறேன் சார்."

"வெளிச் சான்று செல்லாது. நம்மகிட்டயே மெஷின் இருக்கறப்ப வெளிய போனா ஐயாவுக்கு அவமானம். நம்ம மெஷின்ல ஏற்கெனவே பார்த்தாச்சு, நூறு." அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு காகிதத்தைப் படித்தார். "நூறுன்னா சிறுநீரகம் முழுசா செயலிழந்துடுச்சுன்னு உங்க டைரக்டர் கையெழுத்துப் போட்டிருக்காரே. செயலிழந்தவருக்கு எப்படிப்பா வேலை குடுக்கறது?"

"சார், நூறு வாங்கினதுக்குத்தானே வேலை!"

"அது தேர்வுக் குழு. நான் உடற்தகுதிக் குழு. அவங்க வேலைல நான் தலையிட மாட்டேன்."

"ஐயாவுக்கே தொண்ணூத்தெட்டு சார்."

"ஐயாவை யாரும் வேலைக்கு எடுக்கலையே."

"அப்ப இன்னொரு தடவை பாருங்க சார். மொட்டை மாடியில, வெயில்ல. எனக்குக் கம்மியாத்தான் வரும்."

"மறுமதிப்பீடா? தாராளமா." பதிவாளர் அன்போடு விளக்கினார். "ஆனா மறுமதிப்பீட்டுல மார்க் கூடினா ஏத்துக்குவோம். குறைஞ்சா பழசே நிலைக்கும். மாணவர் நலனுக்காகப் போட்ட விதி. நூறுக்கு மேல வருமா பாரு."

"சார், அந்த ரூம்ல வெளிச்சமே இல்ல!" தமிழரசு கத்திவிட்டான். "ஐயா பேனர் ஜன்னலை மறைக்குது. அங்க யார் பார்த்தாலும் அப்படித்தான் வரும். மார்க் எல்லாமே பொய்!"

பதிவாளர் பேனாவை மூடினார். "எப்பலேருந்து தெரியும்?"

"முதல் நாளே தெரியும் சார். விழாவுக்கு முதல் நாளே..."

பின்னால் ஏதோ அசைந்தது. ரெனிதா வாசலில் நின்றிருந்தாள். அவளையும் கூப்பிட்டனுப்பியிருந்தார்கள்.

"தெரிஞ்சே ஐயாவுக்குப் பொய் மார்க் போட விட்ட, அப்படித்தானே? இதை நான் எழுத்துல வாங்கணும்," என்றார் பதிவாளர்.

"இல்ல சார்," என்றான் தமிழரசு. "தெரியாது. எனக்குத் தெரியாது. அந்த மார்க் சரிதான்."

"அப்ப உனக்கு நோயும் சரிதான். உள்ள வாம்மா." பதிவாளர் பட்டியலைப் புரட்டினார். "இந்த வளாகத்துல எல்லாரும் எழுபது, இல்லேன்னா அதுக்கு மேல. சைபர் நீ ஒருத்திதான். இதைவிட ஆரோக்கியமான ஆள் கிடையாது. நாளைக்கே சேர்ந்துடு."

"சார், நான் டெஸ்டே குடுக்கலையே. என் சைபரும் பொய்தான்."

"குடுக்காமலே சைபர்னா குடுத்திருந்தா இன்னும் கம்மியா வந்திருக்கும்," என்றார் பதிவாளர். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

தமிழரசுவை நிலையம் கைவிட்டுவிடவில்லை. ஒளிக்குன்றம் யாரையும் கைவிடாது என்று இயக்குநரே சொன்னார். கருவி சரியாக ஓடுகிறதா என்று தினமும் சரிபார்க்க, நூறு மதிப்பெண் உள்ள நிரந்தர மாதிரி ஒன்று தேவைப்பட்டது. அதற்கு அவன் நியமிக்கப்பட்டான், தற்காலிகமாக. தினமும் காலை ஒரு பாட்டில் நிரப்பி, முதுநிலை ஆய்வாளர் ரெனிதாவிடம் ஒப்படைக்க வேண்டும்.

முதல் நாள் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு அவன் திரும்பினான்.

"நில்லு," என்றாள் ரெனிதா. "முதல் நாளே தெரியுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், தமிழ். ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் கத்தியிருக்கலாம். நான் அத்தனை பேர் முன்னாடி நின்னு ஐயாவுக்கு சாவு நம்பர் காட்டிகிட்டு நடுங்கறேன், நீ பாட்டிலைத் துடைக்கற."

அவள் பெருமூச்சு விட்டு, பாட்டிலையும் பழைய பட்டையையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். அவனும் பின்னால் ஏறினான். வெளிவட்டச் சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வெயில் கொட்டியது. பட்டையின் மேல் ஒரு சொட்டு விட்டு அவள் குட்டித் திரையைப் பார்த்தாள்.

"ஒம்போது," என்றாள். "பயப்படாத. கல்லு மாதிரி இருக்க."

அத்தனை நாள் அந்த நூறு அவன் வயிற்றுக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்துதான் இருந்தது. ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால் என்று பல தடவை நினைத்திருக்கிறான். இவ்வளவுக்குப் பிறகும் தனக்காக வெயிலில் வந்து நிற்கிறாளே என்று அவளைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தான்.

"நீ பார்த்தியா? உனக்கு எவ்வளவு?"

"நேத்துதான் பார்த்தேன். ஆறு."

அவன் திறந்த வாயை மூடவில்லை. திரையை எட்டிப் பார்த்தான், சூரியனை அண்ணாந்து பார்த்தான், பட்டையின் மேல் எங்கேயாவது நிழல் விழுகிறதா என்று சுற்றி வந்து பார்த்தான்.

"ஆறா? ஆறு எப்படி வரும்? இன்னொரு தடவை போடு."

அவள் மூடியைத் திருகி மூடிவிட்டுப் படி இறங்கினாள். அவன் அங்கேயே நின்றான். அன்று முதல் அவன் நிறையத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினான்.